சாய்கோடு

நோர்வூட். ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடி.
இரவு பத்தே முக்கால்.
சிக்கனக் கடன் சங்கத்து மேசைக்கடியில்
சப்பாத்துப் பெட்டிகளோடு ஒரு பழைய கணினி.
இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு அங்கத்தவர்களுக்கும்
நாளை முதல் அதுதான் சாட்சி.
இன்னும் வாய் திறக்கவில்லை.

கடன் பேரேட்டுக்கு ஒரு கடவுச்சொல்,
வரவுக்கு ஒன்று, சம்பளச் சிட்டைக்கு ஒன்று.
மூன்றையும் மறந்தவர்கள் திங்கட்கிழமைகளில்
படிக்கட்டு வரை நிற்பார்கள்.
இனி ஒரே வாசல் என்று கூட்டத்தில் சொன்னது நான்தான்.
"அந்த வாசலே சாத்திக்கொண்டால்?"
என்று கேட்டார் தலைவர் லோகிதாசன்.
நல்லவேளை, பிளேன்டீ வந்தது.

முதல் மறுப்பு: திரும்பும் முகவரி செல்லாது.
எழுத்தெழுத்தாய் ஒப்பிட்டேன்.
கடைசியில் ஒரு சாய்கோடு,
இங்கே உண்டு, அங்கே இல்லை.
கண்ணாடியில் தூறல் இழுத்த கீறலளவு.
என் பிறப்புச் சான்றிதழில் ஞானஜோதி,
அடையாள அட்டையில் நானஜோதி,
சேமலாப நிதியில் ஞானசோதி.
மூன்று பேரும் ஒருத்தி இல்லையென்று
ஐந்து வருடம் என் காசை வைத்திருந்த கருமபீடத்தை
பஸ் முழுக்கத் திட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.
இன்று அதே சட்டத்தை என் கையாலேயே தட்டச்சுகிறேன்:
ஒரு புள்ளி பிசகினாலும் விடாதே.
விட்டால் வேறெவனோ நுழைவான்.
அதுவும் உண்மைதான். அதுதான் எரிச்சல்.

அடுத்தது சுற்று.
பேரேடு சொன்னது: உன்னைத் தெரியாது, அங்கே போய்க் கேள்.
அங்கே போனால்: நீதான், சரி, திரும்பிப் போ.
திரும்பினால்: உன்னைத் தெரியாது, அங்கே போய்க் கேள்.
இருபது தடவைக்குப் பிறகு உலாவி கையை விரித்தது.
கிராம சேவகர், தோட்டத்து ஆபீஸ், பிரதேச செயலகம்,
மறுபடி கிராம சேவகர்:
இந்தச் சுற்றைக் காலால் நடந்தவளுக்கு
வழி புதிதில்லை.
நடுவில் நிற்கும் ப்ராக்ஸிதான் குற்றவாளி.
வெளிக்கதவு பூட்டியிருப்பதை
உள்ளே சொல்ல மறந்திருக்கிறது.
ஒரே ஒரு வரி. சேர்த்தேன்.

பன்னிரண்டுக்குக் கரண்ட் போய் வந்தது.
சம்பளச் சிட்டை இருக்கும் மற்றக் கணினி
பதினான்கு வருடம் பின்னால் கண் விழித்து
என் சீட்டைத் திருப்பிப் பார்த்துச் சொன்னது:
இது இன்னும் பிறக்கவே இல்லை.
கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் கொடுத்தேன்.
பட்டரி வாங்கவேண்டும். சில்லறைக் கணக்கில் எழுதவேண்டும்.

தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்குப் பேர் என்று பெயர்.
கொழுந்து குறைந்தால் அரைப் பேர்.
இந்தப் பெட்டிக்கு அரைப் பேர் தெரியாது.
பெயருக்கும் கீழே, யாரும் பார்க்காத இடத்தில்,
ஆளுக்கொரு நீண்ட இலக்கம் வைத்திருக்கிறது.
எப்படி எழுதினாலும், கலியாணத்தில் மாற்றினாலும்
அந்த இலக்கம் அசையாது.
இலக்கமாவதில் எங்களுக்கு விருப்பமில்லை,
போதுமான அளவு இருந்துவிட்டோம்.
ஆனாலும் அந்த இலக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோதித்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.
கீழே காவலுக்கிருந்த செபமாலையைக் கூப்பிட்டேன்.
மஃப்ளரோடு வந்து, ஒரு விரலால் தேடித் தேடித் தட்டினார்.
குடும்பப் பெயர், கட்டாயம், என்றது திரை.
"அது என்ன தங்கச்சி, டிவிசன் பேரா?"
இல்லை.
"அப்பா பேரா?"
அதுவும் இல்லை.
"அப்ப யார்கிட்ட இருக்கு அது?"
தொலைவில் ஒரு லொறி கியர் மாற்றி ஏறியது.
உள்ளே போய்,
கட்டாயம் என்ற கட்டத்திலிருந்த சரிக்குறியை எடுத்தேன்.

மறுபடி தட்டினார்.
ஒரே வாசல். மூன்று அறைகளும் திறந்தன.
கடன் மீதி, முப்பத்தொன்பதாயிரத்து இருநூறு.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு,
யாராவது பார்த்துவிடுவார்களோ என்பதுபோல் திரும்பி,
மெதுவாகச் சொன்னார்:
"ஆமா. நான்தான்."